ஓய்வுக் கணக்கில் ஒளிந்திருந்த ஒரு வரி: லினக்ஸ் கெர்னலின் இருபது வருட வெற்றுக் காத்திருப்பு

## எதைப் பற்றிய பதிவு

2022 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலில், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியில், ஒரு சின்னத் திருத்தம் சேர்ந்தது. ப்ராசசர் இன்டெல் தயாரிப்பாக இல்லாவிட்டால் குறிப்பிட்ட ஒரு வரியை ஓட்டாதே என்று சொல்லும் ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். அந்த வரி ஏறத்தாழ 2002-இலிருந்து அங்கேயே இருந்தது. அது செய்த வேலை ஒன்றே ஒன்று: ஒரு எண்ணைப் படித்துவிட்டு அதைத் தூக்கி எறிவது.

அந்த வெற்று வேலை ஒரு பெரிய சர்வரில் ஒரு சோதனை ஓட்டத்தின் வேகத்தைப் பதினைந்தில் ஒரு பங்காகக் குறைத்திருந்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். கெர்னலின் எக்ஸ்86 (இன்டெல், ஏ.எம்.டி. ப்ராசசர் வகை) பகுதியைப் பராமரிப்பவர்களில் ஒருவர், இன்டெலில் வேலை பார்ப்பவர், இறுதித் திருத்தத்தை எழுதினார். ஆட்களின் பெயர் இந்தப் பதிவுக்குத் தேவைப்படவில்லை. எந்த வரிசையில் என்ன நடந்தது, ஒவ்வொரு முடிவும் ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

## பின்னணி: சும்மா இருப்பது எப்படி

ஒரு கோருக்கு (ப்ராசசருக்குள் தனித்து வேலை செய்யும் ஓர் அலகுக்கு) ஓட்ட வேலை எதுவும் இல்லாதபோது கெர்னல் அதைத் தூங்க வைக்கிறது. தூக்கத்தில் படிகள் உண்டு. சி1 என்பது லேசான கண்ணயர்வு. கடிகாரத் துடிப்பு நின்றிருக்கும், கூப்பிட்டால் உடனே எழுந்துவிடும். சி2, சி3 என்று போகப் போக மின்சாரம் அதிகம் மிச்சமாகும். எழுந்திருக்கவும் அதிக நேரம் பிடிக்கும். ஆழ்ந்த நிலைக்குப் போய்த் திரும்புவதற்கே ஒரு செலவு இருப்பதால், அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்குத் தூக்கம் நீளாவிட்டால் நஷ்டம்தான். ஐந்து நிமிட இடைவேளையில் பாய் விரித்து, போர்வை எடுத்து, விளக்கை அணைத்துப் படுப்பவரின் கதைதான்.

இந்த முடிவு லினக்ஸில் இரண்டு கைகளில் இருக்கிறது. எந்த ஆழம் என்று தீர்மானிப்பது கவர்னர். அந்த ஆழத்துக்குக் கோரை உண்மையில் கொண்டுபோவது டிரைவர். இந்தப் பிரிவினை 2008 தொடக்கத்தில் வெளியான 2.6.24 பதிப்பில் வந்தது. கவர்னர்களில் அதிகம் புழங்குவதற்கு மெனு என்று பெயர். அது ஜோசியம் பார்க்கிற மாதிரிதான் வேலை செய்கிறது. அடுத்த டைமர் எப்போது அடிக்கும் என்று பார்க்கும். கடைசி எட்டு ஓய்வுகள் எவ்வளவு நீண்டன என்று பார்க்கும். அதை வைத்து வரப்போகும் ஓய்வின் நீளத்தை ஊகித்து, அதற்குத் தகுந்த ஆழத்தைத் தேர்ந்தெடுக்கும். அதனால் கடந்த ஓய்வுகளின் அளவு தப்பாகப் பதிவானால் அடுத்த ஊகமும் தப்பாகப் போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பவத்தின் முடிச்சு இங்கேதான்.

கோரைத் தூங்க வைக்க எக்ஸ்86 உலகில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஹால்ட் என்ற பழைய கட்டளை. இரண்டாவது எம்வெயிட். எவ்வளவு ஆழம் வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுக்கலாம், அதன்படி ப்ராசசர் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். மூன்றாவது வழிதான் நம் கதைக்கு வேண்டியது. மின்சார மேலாண்மைக்கான ஏ.சி.பி.ஐ. என்ற பொதுத் தரம் வகுத்த பழைய முறை அது: ஒரு குறிப்பிட்ட ஐ.ஓ. போர்ட்டை, அதாவது ப்ராசசர் வெளிச் சாதனங்களோடு பேசும் ஒரு முகவரியை, படித்தால் போதும், கோர் தூங்கிவிடும்.

படித்தால் எப்படித் தூங்கும் என்று கேட்கலாம். அந்தக் காலத்து மதர்போர்டில் ப்ராசசர் தானாக ஆழ்ந்து தூங்காது, அதற்குத் துணையாக இருக்கும் சிப்புகளின் தொகுப்பான சிப்செட்தான் தூங்க வைக்கும். அந்தப் போர்ட்டைப் படிப்பது சிப்செட்டின் கதவைத் தட்டுவது போல. தட்டும் சத்தம் கேட்டதும் சிப்செட், கடிகாரத்தை நிறுத்தச் சொல்லும் ஒரு மின் சமிக்ஞையைத் தனிக் கம்பி வழியாக ப்ராசசருக்கு அனுப்பும். அது வந்து சேர்ந்ததும் ப்ராசசர் நின்றுவிடும்.

## 2002: காத்திருப்பு ஏன் வந்தது

இதில் ஒரு ஓட்டை இருந்தது. கதவைத் தட்டியதற்கும் சமிக்ஞை வந்து சேர்வதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் போகிறது. சில சிப்செட்டுகளில் அது சொன்ன நேரத்துக்கு வராது. போர்ட்டைப் படித்து முடித்த ப்ராசசர் சும்மா நிற்குமா? அடுத்த கட்டளைக்குப் போய்விடும். தூங்க வேண்டிய கோர் தூக்கத்துக்குப் பிந்தைய வேலையைத் தூங்காமலே செய்யத் தொடங்கும். அதன் நடுவில் சமிக்ஞை வந்து எங்கேயோ ஓர் இடத்தில் அதை உறைய வைக்கும்.

தீர்வு எளிமையானது. போர்ட்டைப் படித்த கையோடு, பயனில்லாத ஆனால் மெதுவான இன்னொரு வேலையைக் கொடுத்துவிட்டால் சமிக்ஞை வந்து சேரும்வரை கோர் அதில் மாட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தேர்ந்தெடுத்தது ஏ.சி.பி.ஐ. டைமரைப் படிக்கும் வேலை. சிப்செட்டுக்குள் இருக்கும் அந்த டைமர் விநாடிக்கு 35,79,545 தடவை துடிக்கும். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சியின் வண்ணச் சமிக்ஞையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட எண் அது. கணினி உலகில் எது எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் இப்படித்தான் ஏதாவது கிடைக்கும். டைமர் சிப்செட்டில் இருப்பதால் அதைப் படிக்க ப்ராசசர் வெளியே போய்த்தான் வர வேண்டும். அந்தத் தாமதம்தான் அன்றைக்குத் தேவைப்பட்டது. படித்த எண் யாருக்கும் வேண்டாம்.

கெர்னலின் ஏ.சி.பி.ஐ. நிரலோடு 2002 வாக்கில் இந்த வரியும் உள்ளே வந்தது. அன்றைய நிலையில் இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வன்பொருளில் உள்ள குறையை மென்பொருள் தாங்கிக்கொள்வது வழக்கம்தான். ஒன்று மட்டும் விட்டுப்போனது. எந்தச் சிப்செட்டுக்காக என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சில சிப்செட்டுகளுக்கான மருந்தை எல்லோருக்கும் கொடுத்தாயிற்று.

## 2006, 2019: இரண்டு முறை அருகில் வந்து போனது

2006-இல் வேறொருவர் இந்த வரிக்கு மேலே ஒரு விளக்கக் குறிப்பைத் திரும்பச் சேர்த்தார். ஆமாம், திரும்ப. முன்பு இருந்த குறிப்பு நடுவில் காணாமல் போயிருந்தது. சமிக்ஞை நேரத்துக்கு வராத சிப்செட்டுகளுக்காகத்தான் இந்த வெற்று வேலை என்று அதில் தெளிவாக இருந்தது. நல்ல காரியம். ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. காரணம் எழுதியிருக்கும் வரியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நம் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். ஒரு வீட்டில் திவசத்தன்று பூனை குறுக்கே ஓடிக்கொண்டே இருந்ததால் அதைக் கூடையால் கவிழ்த்து வைத்தார்களாம். அடுத்த தலைமுறையில் வீட்டில் பூனை இல்லை. திவசத்துக்கு முதல் நாளே ஊரெல்லாம் பூனை தேடிப் பிடித்து வந்து கூடையில் கவிழ்த்தார்களாம். 2006-இன் குறிப்பு, பூனை ஏன் கவிழ்க்கப்பட்டது என்பதை எழுதி வைத்தது. பூனை இன்னும் இருக்கிறதா என்று மட்டும் அப்போது யாரும் பார்க்கவில்லை.

2010-இல் இன்டெல் தன் ப்ராசசர்களுக்கென்று தனி ஐடில் (ஓய்வு) டிரைவரைக் கெர்னலில் சேர்த்தது. 2.6.35 பதிப்பு அது. அந்த டிரைவர் எம்வெயிட் வழியாகவே போவதால் போர்ட் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து புதிய இன்டெல் இயந்திரங்களில் இந்த வரி ஓடாத வரியாகிவிட்டது. ஓடாத வரியால் யாருக்கும் வலி இல்லை. வலி இல்லாத இடத்தை யாரும் தடவிப் பார்ப்பதும் இல்லை.

2019-இல் ஒருவருக்கு வலித்தது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் கெர்னல் ஒவ்வொரு முறை போர்ட்டைப் படிக்கும்போதும் கட்டுப்பாடு, வெளியே இருந்து அதை நடத்தும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. தூங்கப் போவதற்கு ஒரு தடவை போய் வருவது நியாயம். வெற்று வேலைக்கு இன்னொரு தடவை எதற்கு? மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருந்தால் இந்த வரியைத் தாண்டிப் போ என்று ஒரு திருத்தம் சேர்ந்தது. நேரடி வன்பொருளில் மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். கையிலிருந்த பிரச்சினைக்கு அது போதுமானது, குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வரிக்கு ஒரு விலை உண்டு என்று ஒருவர் கவனித்த தருணம் அது. வெளியே இருக்கும் இயந்திரத்திலும் அதே விலையை யாராவது கொடுக்கிறார்களா என்ற கேள்வி எழ இன்னும் மூன்று வருடம் ஆனது.

## 2022: கவனித்தது என்ன

சோதனை இயந்திரத்தில் இரண்டு சாக்கெட் (ப்ராசசர் பொருத்தும் இடம்). ஒவ்வொன்றிலும் 64 கோர், 128 த்ரெட் கொண்ட, ஏ.எம்.டி.யின் ஜென்3 வகை ப்ராசசர். ஆக மொத்தம் 256 த்ரெட். ஓட்டிய சோதனை டிபெஞ்ச் (tbench). கோப்புச் சர்வர் ஒன்றின் நெட்வொர்க் போக்குவரத்தைப் போலியாக உருவாக்குவது அதன் வேலை. கிளையன்ட் கேட்கும், சர்வர் பதில் சொல்லும், கிளையன்ட் மறுபடி கேட்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு மிகமிகச் சிறியது. கோர்கள் வேலைக்கும் ஓய்வுக்கும் இடையே ஓயாமல் தாவிக்கொண்டிருக்கும். ஐடில் நிரலில் ஒரு குறை இருந்தால் அதை ஊதிப் பெரிதாக்கிக் காட்ட இதைவிட நல்ல சோதனை கிடையாது.

128 கிளையன்ட்டுகளோடு ஓட்டியபோது வேகம் கூடியபட்சம் விநாடிக்கு 32,939 மெகாபைட். குறைந்தபட்சம் 2,215. நடு மதிப்பு 32,192. சராசரி 22,449. குறைந்தது, நடு, கூடியது ஆகிய மூன்று எண்களைக் கூட்டி மூன்றால் வகுத்துப் பாருங்கள், அந்தச் சராசரி அப்படியே வரும். அதாவது ஓட்டங்கள் மூன்று. இரண்டு நன்றாக ஓடின, ஒன்று படுத்துவிட்டது.

இந்த வடிவம் முக்கியம். எல்லா ஓட்டமும் சமமாக மெதுவாக இருந்திருந்தால், வன்பொருள் அவ்வளவுதான் என்று விட்டிருப்பார்கள். ஒன்று மட்டும் இப்படி விழும்போது, அமைப்புக்குள் இரண்டு நிலைகள் இருக்கின்றன, ஏதோ ஒன்று அதைத் தப்பான நிலைக்குத் தள்ளிப் பூட்டிவிடுகிறது என்று சந்தேகம் வர வேண்டும். இந்த மாதிரி ஓட்டத்தை ஏதோ இடைஞ்சல் என்று ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நானும் செய்திருக்கிறேன். இந்தப் பொறியாளர் ஒதுக்கவில்லை.

## சி2-ஐ மூடிப் பார்த்தது

அடுத்து ஒரு எளிய பரிசோதனை. கெர்னலில் ஒவ்வொரு தூக்க நிலையையும் தனித்தனியாக மூட வசதி உண்டு. அதற்குரிய கோப்பில் 1 என்று எழுதினால் போதும், மறு துவக்கம் தேவையில்லை. சி2-ஐ மூடிவிட்டு ஓட்டியதும் குறைந்தபட்ச வேகம் 33,072-க்குப் போனது. படுத்த ஓட்டமே இல்லை.

பல இடங்களில் விசாரணை இத்தோடு முடிந்துவிடும். சர்வர் மெதுவாக இருந்தால் ஆழ்தூக்கத்தை மூடு என்பது டேட்டா சென்டர் வட்டாரத்தில் எழுதப்படாத வைத்தியம். வேகம் திரும்பக் கிடைத்துவிட்டதால் காரணம் தெரிந்துவிட்டதாக ஒரு நிம்மதியும் வந்துவிடும். ஆனால் இந்தப் பரிசோதனை சொல்வது சி2-க்குப் போய்வரும் பாதையில் எங்கோ கோளாறு என்பது மட்டும்தான். சி2-தான் கோளாறு என்று அது சொல்லவில்லை. மூடிவிட்டால் இழப்பு மின்சாரத்தோடு நிற்பதும் இல்லை. சும்மா இருக்கும் கோர்கள் ஆழமாகத் தூங்கினால்தான் மின்சாரத்திலும் வெப்பத்திலும் மிச்சம் விழும், அந்த மிச்சத்தில்தான் வேலை செய்யும் கோர்கள் கூடுதல் வேகத்துக்கு ஏற முடியும். தூங்கவிடாமல் எல்லாரையும் எழுப்பி வைத்தால் ஓடுகிறவனுக்கும் மூச்சு வாங்கும்.

## எங்கே நேரம் போகிறது

பொறியாளர் ஏ.எம்.டி. ப்ராசசர்களில் உள்ள ஐ.பி.எஸ். என்ற மாதிரி எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினார். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் சாதாரண ப்ரொஃபைலில், நேரம் தின்னும் கட்டளை ஒன்றாகவும் ப்ரொஃபைல் காட்டும் கட்டளை அதற்கு இரண்டு மூன்று தள்ளியும் இருக்கலாம். ஐ.பி.எஸ். அப்படியில்லை. அது ஒரு கட்டளையைக் குறி வைத்துப் பின்தொடர்ந்து, அதன் துல்லியமான முகவரியையே பதிவு செய்யும்.

ஆள் அகப்பட்டது அங்கேதான். கணிசமான நேரம், தூங்கும் கட்டளையிலும் போகவில்லை, எழுந்தபின் செய்யும் வேலையிலும் போகவில்லை. அந்த வெற்றுப் படிப்பில் போய்க்கொண்டிருந்தது.

ஜென் ப்ராசசர்களில் ஆழமான நிலைக்கு வழி இன்றைக்கும் போர்ட்தான். ஆனால் பெயரில்தான் அது போர்ட். கோர் அந்த முகவரியைத் தனக்குள்ளேயே அடையாளம் கண்டுகொண்டு தூக்கத்துக்குப் போய்விடுகிறது. சிப்செட்டின் கதவு வரை தட்டல் போவதே இல்லை. காத்திருக்க வேண்டிய சமிக்ஞை என்று ஒன்று கிடையாது. அடுத்து வரும் டைமர் படிப்போ நிஜமான படிப்பு. அது கோரை விட்டு வெளியே போய், சிப்செட் பகுதி வரை சென்று, திரும்பி வந்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான கடிகாரத் துடிப்புகள் அதில் கரையலாம். 2002-இல் தூங்குவதற்கு முன்பு காத்திருக்கச் செய்த வரி, 2022-இல் தூங்கி எழுந்தவனை வாசலில் நிறுத்தி வைக்கும் வரியாக மாறியிருந்தது.

சரி, சில ஆயிரம் துடிப்புகள் என்பது ஒரு மைக்ரோ விநாடியை ஒட்டிய சமாசாரம். அதனால் எப்படி வேகம் பதினைந்தில் ஒரு பங்காகும்?

அந்த நேரம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். டிரைவரை அழைக்கும் முன் கெர்னல் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. டிரைவர் திரும்பியதும் மறுபடி குறித்துக்கொள்கிறது. இடைப்பட்டது எல்லாம் ஓய்வு நேரம். வெற்றுப் படிப்பு டிரைவருக்குள்ளே இருப்பதால் அதுவும் ஓய்வாகவே பதிவானது. கோர் எழுந்து காத்துக்கொண்டிருந்த நேரத்தை, நன்றாகத் தூங்கியது என்று கவர்னர் படித்தது. கடந்த ஓய்வுகள் நீளமாக இருந்தன என்றால் அடுத்ததும் நீளமாக இருக்கும் என்பதுதான் அதன் ஜோசியம். ஆகவே மறுபடி சி2-ஐத் தேர்ந்தெடுத்தது. சி2-க்குப் போனால் மறுபடி வெற்றுப் படிப்பு, மறுபடி ஓய்வு நீளமாகப் பதிவாகும், மறுபடி சி2. சுழல் இப்படிக் கிளம்பிவிட்டால் அதிலிருந்து வெளியேற வழி சுலபமில்லை. கிளையன்ட்டும் சர்வரும் ஒன்றையொன்று நம்பி இருப்பதால், ஒரு கோர் தாமதமாக எழுந்தால் அதன் பதிலுக்குக் காத்திருக்கும் கோரின் ஓய்வு நிஜமாகவே நீளும். அதுவும் சி2-க்கே போகும். தப்பாகத் தொடங்கிய கணக்கு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும். நடுவில் உள்ள இந்தப் படி என் ஊகம். சுழல் என்பது பொறியாளரின் பேட்ச் (அனுப்பிய திருத்த நிரல்) குறிப்பிலேயே இருக்கிறது.

இருபது வருடம் இது கண்ணில் படாமல் போனதற்கு நான் சொல்லும் காரணமும் இதுவே. கெர்னலில் மெதுவான இடத்தைத் தேடுகிறவர்கள், வேலை நேரம் எங்கே போகிறது என்றுதான் தேடுவார்கள். ஐடில் என்று எழுதிய பகுதியைக் கழித்துவிட்டு மீதியைப் பார்ப்பார்கள். ஓய்வுக் கணக்கில் வேலையை எழுதி வைத்தால் அது தணிக்கைக்கே வராது.

## எடுத்த முடிவுகள்

முதலில் அனுப்பிய பேட்ச், ஜென் ப்ராசசராக இருந்தால் மட்டும் வெற்று வேலையைத் தவிர்க்கச் சொன்னது. சோதித்துப் பார்த்த வன்பொருளுக்கு மட்டும் நடத்தையை மாற்றுவது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அதன் சோதனை முடிவில், சி2 திறந்தே இருக்க, குறைந்தபட்ச வேகம் 33,016, நடு மதிப்பு 33,806, சராசரி 33,865. சி2-ஐ மூடியபோது கிடைத்த சராசரி 33,649. இந்த ஒப்பீடுதான் வழக்கை முடித்து வைத்தது. சி2 திறந்திருந்தும் மூடியதற்குச் சமமான வேகம் கிடைக்கிறது என்றால், குற்றவாளி சி2 அல்ல.

விவாதத்தில் பராமரிப்பாளர்கள் பக்கம் எதிர்ப்பு என்று பெரிதாக எழவில்லை. நிபந்தனையை எப்படி எழுதுவது என்பதில்தான் பேச்சு நடந்தது. வழிகள் மூன்று இருந்தன.

வரியை அடியோடு நீக்கிவிடுவது சுத்தமான வழி. ஆனால் 2002-ஐ ஒட்டிய சிப்செட்டோடு இன்றும் எங்காவது ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அது உறைந்து போகலாம்; அதைச் சோதித்துச் சொல்ல யாரிடமும் அந்த வன்பொருள் கையில் இருக்காது. 6.0 பதிப்பு வெளியாக ஒன்றிரண்டு வாரமே பாக்கி. அந்தக் கட்டத்தில் இந்தப் பந்தயத்தைக் கட்டுவதில் அர்த்தமில்லை.

ஜென்னை மட்டும் விலக்குவது இரண்டாவது வழி. இதில் சுமை திரும்பிக் கிடக்கிறது. குறையில்லாத ஒவ்வொரு ப்ராசசரும் நான் நல்லவன் என்று பட்டியலில் பெயர் எழுத வேண்டியிருக்கும். நாளைக்கு வரும் ப்ராசசர் பட்டியலில் விட்டுப்போனால் இதே கதை மறுபடி தொடங்கும்.

மூன்றாவது, இன்டெல்லாக இருந்தால் மட்டும் காத்திரு என்பது. இறுதியில் சேர்ந்தது இதுதான். இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. பழைய இன்டெல் இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. புதிய இன்டெல் இயந்திரங்கள் தனி டிரைவரில் ஓடுவதால் இந்த வரிக்கு வருவதே இல்லை. மற்ற எல்லோருக்கும் விடுதலை. திருத்தத்தின் தலைப்பிலேயே பழைய இன்டெல் அமைப்புகளுக்கு "நடைமுறையில்" மட்டுப்படுத்துவது என்று இருந்தது. நிபந்தனை இன்டெல் என்றுதான் சொல்கிறது, பழைய இன்டெல் என்று சொல்லவில்லை. அந்தப் பழைய என்ற சொல்லை நடைமுறை பார்த்துக்கொள்கிறது. எனக்கு இதில் ஒரு சின்ன நெருடல் உண்டு. ஒரு புதிய இன்டெல் இயந்திரத்தில் யாராவது தனி டிரைவரை மூடிவிட்டு போர்ட் வழிக்குப் போனால் அவர் இந்த வரியில் விழுவார். அப்படிச் செய்பவர்கள் மிகச் சிலர், அவர்களுக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்தும் இருக்கும் என்பதால் ஏற்கக்கூடிய விலைதான்.

முதல் பேட்ச் வந்து ஓரிரு நாளில் இறுதித் திருத்தம் தயாராகிவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் மூலக் கெர்னலில் சேர்ந்தது. 2022 அக்டோபர் 2 அன்று வெளியான 6.0 பதிப்பில் அது இருந்தது.

## பின்னர் நடந்தது

செய்தி வெளியே வந்ததும் எல்லோரும் பிடித்துக்கொண்டது ஒரு எண்ணை: 1,390 சதவீதம். பேட்சோடு வந்த அட்டவணையில் இருந்த எண்தான், பொய் இல்லை. ஆனால் அது 2,215-ஐயும் 33,016-ஐயும் ஒப்பிட்டது. படுத்த ஓட்டத்துக்கும் படுக்காத ஓட்டத்துக்கும் உள்ள தூரம் அது. நடு மதிப்புகளை ஒப்பிட்டால் உயர்வு 5 சதவீதம். சராசரிகளை ஒப்பிட்டால் ஏறத்தாழ 51 சதவீதம். எது உண்மை என்று கேட்டால் மூன்றும்தான். ஒருவர் தன் சர்வர் எவ்வளவு வேகமாகும் என்று அறிய விரும்பினால் 5-ஐப் பார்ப்பது உத்தமம். கெட்ட நாள் எவ்வளவு கெட்டதாக இருந்திருக்கும் என்று அறிய விரும்பினால் 1,390.

இந்தச் சோதனையே ஐடில் நிரலைக் கடைந்தெடுக்கும் வகை என்பதையும் மறந்துவிடக் கூடாது. கோர்கள் நாள் முழுக்க நிற்காமல் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு இந்தத் திருத்தத்தால் ஒன்றும் ஆகாது. அங்கே தூக்கமே கிடையாது. இரவு முழுக்கச் சும்மா கிடக்கும் இயந்திரத்துக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கான தூக்கத்தில் ஒரு மைக்ரோ விநாடி எதற்குக் கணக்கு? இரண்டுக்கும் நடுவே, சிறு சிறு கேள்வி பதில்களாக ஓடும் சர்வர்களுக்குத்தான் பலன்.

## மறுபடி இப்படி ஒன்று வந்தால்

இதைப் படித்தபின் என் வேலையில் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். பழைய சிப்செட்டைச் சமாளிக்கும் வரியை எழுதும்போது, எந்த மாடலில் பார்த்தோம், எந்தத் தேதியில், எப்போது இதை நீக்கலாம் என்ற மூன்றையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். 2006-இன் குறிப்பில் காரணம் இருந்தது, முகவரி இல்லை. ஒரே ஒரு சிப்செட்டின் பெயர் இருந்திருந்தால் நிபந்தனையை அன்றைக்கே எழுதியிருக்கலாம்.

சோதனை முடிவுகளைக் கேட்கும்போது சராசரியோடு குறைந்த எண்ணையும் கேட்கிறேன். ஓட்டங்களின் எண்ணிக்கையையும் கேட்கிறேன். அப்புறம், தூக்க நிலை ஒன்றை மூடிப் பார்த்து வேகம் திரும்பினால் அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திறந்தபடியே அதே வேகத்தைக் கொண்டுவர முடியாதவரை விசாரணை பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வது நல்லது. முன்பு மூடியதோடு கடையைக் கட்டிய சில இடங்களுக்கு இப்போது திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அதில் ஒன்றில், ஏன் மூடினோம் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

2019-இன் திருத்தத்தைச் செய்தவர் இடத்தில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அவர் செய்ததைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. மெய்நிகர் இயந்திரத்தில் தேவையில்லை என்று நிரூபிக்க முடிந்தது, நேரடி வன்பொருளில் முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு வரி அதிகமாக எழுதியிருக்கலாம்: நேரடி வன்பொருளில் இதன் விலை இன்னும் அளக்கப்படவில்லை என்று.

வெற்றுப் படிப்பு கெர்னலில் இன்னும் இருக்கிறது. 2022-இன் திருத்தம் அதற்கு மேலுள்ள குறிப்பையும் நீட்டியது. ஏ.சி.பி.ஐ. முதன்முதலில் சேர்ந்த 2002 வாக்கிலிருந்து இது இங்கே இருக்கிறது, உங்கள் ப்ரொஃபைல் இந்தக் கட்டளையைச் சுட்டினால் முதலில் இதைவிடப் புதிய ஐடில் முறைக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள் என்று அடுத்து வரப்போகும் ஒருவருக்காக அதில் எழுதியிருக்கிறது.